மூக்கு லாரியும் முப்பது வருடத்துப் பசையும்

பெரிய மாமா அந்த லாரியை விற்கவும் மாட்டார், ஓட்டவும் மாட்டார். வேப்பம்பட்டில் அவர் வீட்டை ஒட்டிய காலி மனையில் அது பாட்டுக்கு நிற்கிறது. டாடா 1210. இப்போது ஓடுகிற தட்டை மூஞ்சி வண்டி இல்லை. பானெட் முன்னால் நீண்ட மூக்கு லாரி. திருவள்ளூர்ப் பக்கச் செங்கல் சூளைகளுக்கு நடை அடித்துக் களைத்து வந்து நின்றது. நின்ற பிறகு ஊருக்கே சுவராகிவிட்டது. பின்பலகையில் ஒரு கண்ணீர் அஞ்சலி, அதன் மேல் ஒரு மஞ்சள் நீராட்டு விழா, அதற்கும் மேல் பிளாட் விற்பனை. கதவில் போர்வெல்காரர்களின் ஸ்டிக்கர். பானெட்டில் பொரிந்துபோன ரேடியம் எழுத்தில் குலதெய்வத்தின் பெயர். டிரைவர் கதவில் உள்ளும் புறமும் கறுப்பு மார்க்கரில் கோடு கோடாக நடைக் கணக்கு.

"புதுசா பெயிண்ட் அடிக்கக் கூடாது மாப்ள. இருக்கிற பெயிண்ட் இருக்கணும், ஒட்டினதும் கிறுக்கினதும் மட்டும் போகணும்" என்றார் மாமா. கேட்க எளிதாக இருந்தது. மார்கழியில் ஆரம்பித்தேன், சித்திரை பிறந்துவிட்டது.

கறை எடுக்கவென்று கடைகளில் விற்கும் சாமான்களில் அரை டஜனை இந்த ஒரே வண்டியில் சோதித்துப் பார்க்க எடுத்துவைத்தேன். ஜி.பி. ரோட்டில் வாங்கிய ஸ்டிக்கர் ரிமூவர் ஸ்ப்ரே, டிரில் மெஷினில் மாட்டும் ரப்பர் சக்கரம், ஒரு ஹாட் ஏர் கன், டபிள்யூ.டி.-40, ரிச்சி தெருவில் செல்போன் ரிப்பேர்காரர்கள் வாங்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், சிறிய பாலிஷிங் மெஷின். இவற்றோடு போட்டி போட்டவை அத்தையின் ஹேர் டிரையர், தேங்காய் எண்ணெய், கோணிச் சாக்கு, காலாவதியான ஏ.டி.எம். கார்டு.

வேலைக்கு முன் வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. 1954இல் டெல்கோவும் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸும் கைகோத்து ஜாம்ஷெட்பூரில் தொடங்கிய லாரி வம்சம் இது. 1969இல் ஒப்பந்தம் முடிந்தது. மூக்கிலிருந்த மூன்று முனை நட்சத்திரம் போய் டாடாவின் 'டி' எழுத்து வந்தது. 1210 என்பதும் ஜெர்மன்காரர் வழக்கம்தான்: வண்டியும் பாரமும் சேர்ந்து 12 டன், இன்ஜின் 100 குதிரைச் சக்தி. அந்தக் காலத்தில் கம்பெனியிலிருந்து வந்தது சேஸிஸும் மூக்கும் மட்டும். கேபினும் கதவும் பாடி கட்டுகிற பட்டறையில் மரச்சட்டம் அடித்து, மேலே தகடு போர்த்தியவை. ஆக, பானெட்டில் முதலில் அடித்த பெயிண்ட் வேறு, கதவில் அடித்த பெயிண்ட் வேறு.

'விண்டேஜ்' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்; சட்டம் ஒப்புக்கொள்ளாது. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி 50 வயது தாண்டிய இருசக்கர வண்டிக்கும் சொந்த உபயோகக் காருக்கும்தான் 'வி.ஏ.' எழுத்துப் போட்ட தனி நம்பர் பிளேட். 20,000 ரூபாய் கட்டினால் 10 வருடத்துக்குப் பதிவு. நாட்டுக்கே செங்கல் சுமந்த லாரிக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. மாமாவிடம் இதைச் சொன்னேன். "அவங்க சொல்லலேன்னா இது பழசு இல்லாம போயிடுமா?" என்றார்.

முதல் நாள் எந்தப் பாட்டிலையும் திறக்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் பட்டறை வைத்திருக்கும் பெயிண்டர் ஒருவரை அழைத்துவந்தேன். அவர் வெள்ளைப் பனியன் துணியைத் தின்னரில் நனைத்து, கதவுக்குக் கீழே யார் கண்ணிலும் படாத மூலையில் ஒற்றிவைத்தார். எண்ணிப் பத்து நொடி. துணியில் கலர் உடனே இறங்கினால் அது டூக்கோ, அதாவது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். கொஞ்சம் பொறுத்து, காய்ந்த பால் ஆடை மாதிரி மேல்தோல் சுருங்கினால் எனாமல். எதுவுமே நடக்காவிட்டால் இப்போதைய கார்களில் அடிக்கும் இரண்டு பாக சமாச்சாரம், பி.யூ. எங்கள் கதவு சுருங்கியது. "எனாமல் சார். நேஷனல் பெர்மிட்டுக்காகப் பூசியிருக்காங்க. தின்னர் பாட்டிலை அந்தப் பக்கம் வெச்சுடுங்க" என்றார். நேஷனல் பெர்மிட் லாரி என்றால் காய்ந்த இலையின் பழுப்பு நிறத்தில்தான் இருக்க வேண்டும் என்று 1989ஆம் வருட மோட்டார் வாகன விதிகள் சொல்லின. வண்டி முழுக்க அந்தப் பழுப்புதான்.

இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் யாரும் ரிமூவர் வாங்கக் கூடாது என்பேன். கடையில் விற்பவை பெரும்பாலும் மேலே கிளியர் கோட் பூசிய இன்றைய கார்களை மனத்தில் வைத்துச் செய்தவை. எனாமல் காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனை வாங்கி மெதுவாக இறுகுகிற எண்ணெய்ப் பெயிண்ட். வெயிலில் வருடக்கணக்காகக் கிடந்தால் மேற்பரப்பு பொடிந்துவிடும். விரலால் தேய்த்தால் திருநீறு மாதிரி ஒட்டும். கறை அந்தப் பொடிக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கிறது. கறையைச் சுரண்டினால் பெயிண்டும் கூடவே வரும்.

சுலபமானதை முதலில் முடித்துவிடுகிறேன். போஸ்டர் பசை மைதா. மைதாவுக்குத் தண்ணீர் போதும். கோணிச் சாக்கை வெந்நீரில் நனைத்துப் பின்பலகையில் தொங்கவிட்டு ஒரு மணி நேரம் விட்டால், காகிதம் அடுக்கடுக்காக, வடாம் உரிகிற மாதிரி உரிந்துவந்தது. செலவு பூஜ்யம். அஞ்சலி போஸ்டரை உரிக்கும்போது மட்டும் மாமா கொஞ்சம் நிறுத்தச் சொல்லி, தெரிந்த முகமா என்று பார்த்துக்கொண்டார்.

ரேடியம்தான் உயிரை வாங்கியது. புது ரேடியம் ஒரே தாளாக வரும். பழசு அப்படி இல்லை. பிளாஸ்டிக் உயிர்போய்ச் சில்லுச் சில்லாக உடைகிறது, பசை மட்டும் கெட்டியாக அடியில் தங்கிவிடுகிறது. மார்கழிக் காலையில் ஹேர் டிரையரை வைத்து ஒரு எழுத்துக்கு இருபது நிமிடம் போராடினேன். ஒரு பக்கம் சூடாக்கினால் மறு பக்கம் ஆறிவிடும். தகடு அவ்வளவு பெரிது. பொறுமை போய் ஹாட் ஏர் கன்னை எடுத்தேன். இரண்டே நிலை உள்ள சாதாரண கன் 300 டிகிரிக்கு மேல் ஊதும். பசை இளக 60 டிகிரி தாராளம். ஓரத்தில் ஒரு கொப்புளம் எழும்பியதைப் பார்த்ததும் அணைத்துவிட்டேன். கதவில் அதைக் காட்டவே இல்லை, பின்னால் இருப்பது மரச்சட்டம்.

விடை பங்குனியில் தானாக வந்தது. வெயில் ஏறிய பதினோரு மணிக்குப் பானெட்டில் கை வைக்க முடியவில்லை. ஏ.டி.எம். கார்டால் ஓரத்தைக் கிளப்பினேன். மார்கழியில் இருபது நிமிடம் எடுத்த எழுத்து இரண்டு நிமிடத்தில் எழுந்துவந்தது. மொத்தத் தகடும் ஒரே சூட்டில் இருப்பதுதான் சூட்சுமம். எந்த டிரையராலும் அதைக் கொடுக்க முடியாது. அன்றிலிருந்து நேரம் பிரித்துக்கொண்டேன்: உச்சி வெயிலில் உரிப்பது, மாலையில் தகடு ஆறிய பிறகு மருந்து போடுவது. வெயிலில் ஆல்கஹாலோ ஸ்பிரிட்டோ ஊற்றினால் வேலை செய்வதற்குள் ஆவியாகிவிடும். பசையை இளக்கிப் பரப்பி, காயவும் வைத்து, முன்பைவிட மோசமாக்கும்.

உரித்த பின் மிஞ்சிய பிசினுக்கு ஸ்டிக்கர் ரிமூவர் ஸ்ப்ரே. பெயரைச் சொல்லவில்லை. எலுமிச்சை வாசனையோடு நுரையாக வந்தது, பசையும் இளகியது. ஆனால் இரண்டு நிமிடம் விட்ட இடத்தில் பழுப்பு நிறமும் துணியோடு வந்துவிட்டது. கேனின் பின்புறம் பொடி எழுத்தில் மறைவிடத்தில் சோதிக்கவும் என்று போட்டிருந்தது. படிக்காதது என் தப்பு. டபிள்யூ.டி.-40 சாதுவாக நடந்துகொண்டது. 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ராக்கெட் உலோகம் துருப்பிடிக்காமல் இருக்க ஈரத்தை விரட்டச் செய்த திரவம் அது. நாற்பதாவது முயற்சியில் கைகூடியது என்பதால் அந்தப் பெயர். பெரும்பகுதி பெட்ரோலிய ஸ்பிரிட்டும் எண்ணெயும்தான். பத்து நிமிடம் ஊறவிட்டுக் கார்டால் தள்ளினால் பிசின் உருண்டு உருண்டு வந்தது. பக்கத்துக் கட்டத்தில் பழைய பாட்டிலில் மிச்சமிருந்த கிருஷ்ணாயிலைத் துணியில் தொட்டுப் பார்த்தேன். ஏறத்தாழ அதே பலன். கூடுதல் காசு வாசனைக்கும் குழாய்க்கும்.

எதிர்பாராத வெற்றி தேங்காய் எண்ணெய். போர்வெல் ஸ்டிக்கர்களின் பசை ரப்பர் வகை, மஞ்சளாகிப் பிசுபிசுத்துக் கிடந்தது. ரப்பருக்கு எண்ணெய் ஆகாது என்று எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வார். ராத்திரி தடவி, மேலே பாலித்தீன் ஒட்டிவிட்டு, காலையில் துடைத்தேன். பசை உப்பி, கட்டைவிரலுக்கே வழிந்து வந்தது. பெயிண்டுக்கு ஒரு சேதமும் இல்லை. எறும்பு மட்டும் வந்தது. ரேடியத்தின் அக்ரிலிக் பசையில் இதே எண்ணெய் பலிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ரப்பர் சக்கரத்தின் கதை சோகம். முதலில் என் காரின் பின்கதவில் சோதித்தேன்: ஸ்கூல் பென்சில் ரப்பர் மாதிரி பசையைத் தின்று துகளாக உதிர்த்தது, பெயிண்டில் கீறல் இல்லை. அந்தக் குஷியில் லாரிப் பானெட்டில் வைத்தேன். பத்து நொடி இருக்கும். சக்கரம் உரசிய சூட்டில் எனாமல் குழைந்து பளபளவென்று இழுபட்டது. நடுவில் ரூபாய் நாணயம் அளவுக்கு நீலம் எட்டிப்பார்த்தது. பழுப்புக்கு அடியில் ஒரு நீல வண்டி இருந்தது எனக்கு அப்போதுதான் தெரியும். மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், திட்டு வாங்கத் தயாராக. அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "நான் வாங்கறப்ப இந்தக் கலர்தான் மாப்ள" என்றார். அதோடு சரி.

அடுத்து மார்க்கர். பெர்மனென்ட் மார்க்கர் என்பது சாயமும் கொஞ்சம் பிசினும் ஆல்கஹாலில் கரைந்தது. ஆல்கஹால் பறந்ததும் மற்ற இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. அதே ஆல்கஹாலைத் திரும்பக் கொடுத்தால் இளகும். வெள்ளைப் பலகை மார்க்கரால் கோட்டின் மேலேயே எழுதி உடனே துடைப்பது பள்ளிக்கூட வாத்தியார்களின் தந்திரம். பானெட்டில் புதிதாக யாரோ பையன்கள் கிறுக்கியதற்கு அது பலித்தது. பழைய கோடுகளுக்கு இல்லை. அவற்றின் கறுப்பு வெயிலில் ஊதாவாகியிருந்தது. கறுப்பு என்பது பல சாயங்களின் கலவை. சில வெளுத்து, பிடிவாதக்காரச் சாயம் மட்டும் நிற்கிறது. காது குடையும் பஞ்சுக்குச்சியை ஐசோபுரொப்பைலில் தொட்டு, கோட்டின் மேல் மட்டும் ஒற்றி, மறுமுனையால் உடனே உறிஞ்சினேன். தேய்த்தால் ஊதா சுற்றிலும் பரவி, கோடு இருந்த இடத்தில் மேகம் உட்கார்ந்துவிடும். ஒரு கோட்டுக்கு ஆறேழு குச்சி. முக்கால்வாசி போனது. மிச்சம் பொடிந்த மேல்தோலுக்குள் இருந்ததால், மெல்லிய ரப்பிங் காம்பவுண்டை ஈரத்துணியில் எடுத்துக் கையாலேயே நாலு இழுப்பு. துணியெல்லாம் பழுப்பு. அது பயப்பட வேண்டியதில்லை, செத்த தோல்தான். ஆனால் ஐந்தாவது இழுப்பில் உயிர்த்தோல் போகும். பாலிஷிங் மெஷினைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை.

உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தக் காலத்து மஞ்சள், ஆரஞ்சு, பச்சை எனாமல்களில் ஈயம் சர்வசாதாரணம். வீட்டுப் பெயிண்டுக்கே 90 பி.பி.எம். என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நம் நாட்டில் அமலுக்கு வந்தது. அந்தப் பொடி மூச்சில் போகக் கூடாது. தேய்ப்பதானால் ஈரமாக, மாஸ்க்கோடு. துடைத்த துணியைக் குழந்தைகள் கை படாத வாளியில் போடுங்கள்.

எல்லாம் எடுத்த பிறகும் குலதெய்வத்தின் பெயர் பானெட்டில் தெரிகிறது. ரேடியம் மூடியிருந்த இடத்தில் வெயில் படாத கரும்பழுப்பு, சுற்றிலும் வெளுத்த பழுப்பு. இதைக் கறை என்று சொல்ல முடியாது, எந்தப் பாட்டிலும் எடுக்காது. மெழுகு போட்டதில் வித்தியாசம் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான்.

மறுபடி வாங்குவேனா என்றால்: ஐசோபுரொப்பைல், கட்டாயம். டபிள்யூ.டி.-40, வீட்டில் இருந்தால் சரி. ஸ்ப்ரே, என் காருக்கு மட்டும். ரப்பர் சக்கரத்தைப் பெயிண்டர் பார்த்ததும் கேட்டார். புதுக் கார்களுக்கு உதவும் என்று கொடுத்துவிட்டேன்.

டிரைவர் கதவின் உட்புறம் பாக்கி. பஞ்சுக்குச்சியோடு உட்கார்ந்தபோது மாமா வந்து கதவைப் பிடித்துக்கொண்டார். மேலிருந்து மூன்றாவது வரிசையில், நாலு கோடும் குறுக்கே ஒன்றுமாகக் கட்டிய மூன்று கட்டு, தனியே இரண்டு கோடு.

"அந்தப் பதினேழு நடைக்கு இன்னும் காசு வரல மாப்ள. அதுல கை வைக்காதீங்க."