கைப்பேசியும் மணற்குழியும்

உடற்கல்வியைக் கணினி வழியாகவும் கற்பிக்கலாம் என்ற பேச்சு எழும்போதெல்லாம், "நீச்சலைத் தபாலில் கற்றுக்கொள்வதா?" என்று கேலி பேசியவர்களில் நானும் ஒருவன். 1920-இல் ஹாரி க்ரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் பயின்றுவிட்டு, வடநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முப்பது ஆண்டு விசில் ஊதியவன் நான். ஆசிரியர் செய்து காட்டுவார், மாணவன் செய்வான். அவ்வளவுதான் எங்கள் முறை.

என் கேலியை அடக்கியவன் நீளம் தாண்டும் மாணவன் ஒருவன். கடைசி அடியை நீட்டி வைத்து, பலகையில் கால் ஊன்றும்போதே வேகத்தை இழந்துவிடுவான். "கடைசி அடியைச் சுருக்குடா" என்று ஓராண்டு கத்தியாயிற்று. "சுருக்கித்தானே சார் வைக்கிறேன்" என்பான். பொய்யில்லை, அவன் உடம்பு அவனுக்கு அப்படித்தான் சொல்லிற்று. ஒரு நாள் மணற்குழி ஓரத்தில் நின்று கைப்பேசியில் படமெடுத்து, மெதுவாக ஓட்டிக் காட்டினேன். இரண்டு தரம் பார்த்தான். "ஐயோ, இது நானா?" என்றான். அந்த வாரமே அடி சுருங்கியது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. தாண்டுபவரின் கால் பலகையில் பதிந்திருப்பது ஒரு நொடியில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு நேரம். நொடிக்கு 30 படம் எடுக்கும் சாதாரணப் பதிவில் அது மூன்று நான்கு படங்களில் முடிந்துபோகும்; 240 படம் எடுக்கும் பதிவில் முப்பது படமாக விரியும். கினோவியா என்ற இலவச மென்பொருளில் முழங்கால் மடங்கும் கோணத்தையும் அளந்துவிடலாம். (கேமராவைச் சரியாகப் பக்கவாட்டில் வைக்காவிட்டால் கோணம் பொய் சொல்லும், நம்மவர் பலர் இதைக் கவனிப்பதில்லை.) எல்லாவற்றையும்விட, தாண்டிய சூடு ஆறுமுன் காட்ட வேண்டும்.

2020 ஊரடங்கின்போது நாங்கள் செய்தது இதுவல்ல. திருத்துவதற்கான கருவியைத் தேர்வுத்தாளாக்கிவிட்டோம். பத்துத் தடவை செய்து, நன்றாக வந்த படத்தை மட்டும் அனுப்பியவன் நல்ல மதிப்பெண் வாங்கினான். தினம் 10,000 அடி நடந்த கணக்கும் கேட்டோம். பிள்ளைகள் கட்டிலில் படுத்தபடி கையை ஆட்டியே நிரப்பினார்கள்! அந்தப் பத்தாயிரமே 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிகணிப்பானின் பெயரிலிருந்து பரவியது. தெரிந்தும் அதற்கு மதிப்பெண் வைத்தோம்.

ஒரு மாணவி, 800 மீட்டர் ஓட்டத்தில் எங்கள் அணியின் நம்பிக்கை. கிராமத்து வீட்டில் ஐந்து பேருக்கு ஒரே கைப்பேசி. விடியுமுன் அண்ணன் வேலைக்கு எடுத்துப்போய்விடுவார். இவள் வாய்க்கால் கரையில் ஓடினாள். அதை யார் படமெடுப்பது? தேதி, நேரம், ஓடிய தூரம் எல்லாம் நோட்டுத்தாளில் எழுதித் தபாலில் அனுப்பினாள். "படம் இல்லை" என்று விதிப்படி குறைத்துப் போட்டது நான்தான். அந்தப் பருவம் அவளுடைய உதவித்தொகை நின்றுபோயிற்று. மதிப்பெண்ணை மாற்ற வேண்டும் என்று பிற்பாடு நானே எழுதிக் கேட்டேன். பட்டியல் கணினியில் ஏறிவிட்டது, இனித் திருத்த இயலாது என்று பதில் வந்தது.