கேட்டவர்களும் காதில் விழுந்தவர்களும்

நம்மூர் எஃப்எம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதை சட்டென்று பிடிபடாது. இந்தியாவில் தனியார் வானொலிகள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை. ரேடியோன்னா பாட்டு, நடுவுல ஆர்ஜேவோட அரட்டை. அவ்வளவுதான். பாட்டே போடாமல் நாள் முழுக்கப் பேசும் ஒரு நிலையம் ஒரு பெருநகரத்தில் முப்பது வருஷம் போல முதலிடத்தில் இருந்தது என்பதை, சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வேலைக்குப் போன பிறகுதான் நம்பினேன்.

அந்த நிலையம் கேஜிஓ 810. எழுபதுகளின் இறுதியில் பிடித்த இடம் அது. காலையில் ரான் ஓவன்ஸ். நள்ளிரவு தாண்டினால் ரே டாலியாஃபெரோ. அமெரிக்கப் பெருநகர வானொலியில் பேச்சு நிகழ்ச்சி நடத்திய முதல் கறுப்பினத்தவர்களில் ஒருவர். போன் செய்பவர்களோடு சண்டை பிடிப்பார், பாதியில் துண்டிப்பார். மறுநாளும் போன் வரும். ஐம்பதாயிரம் வாட் ஏஎம் அலை, இரவில் மேற்குக் கரை நெடுகக் கேட்கும்.

போட்டியாளர் கேசிபிஎஸ் 740. 1968 முதல் முழுநேரச் செய்தி. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போக்குவரத்து, வானிலை. கேட்டுவிட்டுப் போய்விடலாம், அதற்காகவே வடிவமைக்கப்பட்டது.

இரண்டில் எது பெரியது என்பதை நேயர்களைக் கணக்கெடுக்கும் ஆர்பிட்ரான் நிறுவனம் சொன்னது. ஆரம்பத்தில் டைரி முறை: என்ன கேட்டீர்கள் என்று ஒரு வாரம் கைப்பட எழுதித் தர வேண்டும். 2008 வாக்கில் மீட்டர் வந்தது. பேஜர் அளவுக் கருவி. உடம்போடு வைத்துக்கொண்டால், ஒலிபரப்பில் ஒளிந்திருக்கும், காதுக்குப் புலப்படாத குறியீட்டை அதுவே பிடித்துக்கொள்ளும். கால் மணி நேரத்தில் ஐந்து நிமிஷம் பிடித்தால், அந்தக் கால் மணி நேரம் முழுக்கக் கேட்டதாக அப்போது கணக்கிட்டார்கள்.

கேஜிஓ முதலிடத்தை இழந்தது. மீட்டர்தான் பேச்சைக் கொன்றது என்று அதன் பழைய நேயர்கள் புலம்புவார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. டைரியும் பொய் சொன்னது. அரை மணி நேரம் கேட்டவர், பிரியத்தில் “காலை முழுக்க கேஜிஓ” என்று எழுதிவிடுவார். டைரி பிடித்தது ஞாபகத்தை. மீட்டர் பிடிப்பது ஓசையை. இரண்டுமே கேட்பது ஆகாது.

என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். பே பிரிட்ஜில் வண்டி நின்றால் உடனே கேசிபிஎஸ்ஸுக்கு மாற்றுவேன். எந்தப் பாதை அடைத்திருக்கிறது என்று தெரிந்ததும் திரும்பிவிடுவேன். என்னிடம் மீட்டர் இருந்திருந்தால், அந்த ஐந்து நிமிஷம் செய்திக்கு விழுந்த முழு ஓட்டு. செய்தி வாசித்தவர் பெயர் ஒன்றுகூட எனக்கு ஞாபகமில்லை. ஆனால் குறை சொல்லவும் முடியாது. எனக்கு அது தேவைப்பட்டது.

தவறு நடந்தது அடுத்த கட்டத்தில். 2011இல் கேஜிஓ கியூமுலஸ் நிறுவனத்தின் கைக்கு வந்தது. அந்த டிசம்பரிலேயே டாலியாஃபெரோ உட்படப் பெரும்பாலான பேச்சாளர்களை அனுப்பிவிட்டுச் செய்திக்கு மாறினார்கள். ஓவன்ஸ் மட்டும் மிஞ்சினார். நாற்பது வருஷத்துக்கு மேல் ஒருவர் செய்துவரும் வேலையை இன்னொருவர் புதிதாகத் தொடங்கினால் யார் கேட்பார்கள்? செய்திக்காரர்கள் கேசிபிஎஸ்ஸை விட்டு வரவில்லை. பேச்சு நேயர்கள் கோபித்துக்கொண்டு போனார்கள். மறுபடி பேச்சுக்குத் திரும்பிப் பார்த்தார்கள், உறவு ஒட்டவில்லை. 2022 அக்டோபரில் விளையாட்டுப் பந்தயச் சூதாட்டம் பேசும் நிலையமாக அதை மாற்றினார்கள்.

செய்திக்கு ஆள் மாறலாம், தகவல் மாறாது. பேச்சு அப்படியில்லை. பிடிக்காத ஒருவரிடம்கூட வருஷக்கணக்கில் வாதாடிப் பழகியதுதான் அதன் மூலதனம். எத்தனை பேர் காதில் விழுகிறது என்று எண் சொல்லும். நிறுத்தினால் யாருக்கு வலிக்கும் என்று சொல்லாது. முதலாளிகள் முதல் கேள்விக்கான பதிலை இரண்டாவதற்கும் பதிலாக எடுத்துக்கொண்டார்கள். பார்வை எண்ணிக்கையைப் பார்த்து எழுத்தை எடைபோடும் நாமும் இதைத்தானே செய்கிறோம்?

ஒருமுறை டாலியாஃபெரோவிடம் வாதாட வேண்டும் என்று இரவு இரண்டு மணிக்கு போன் போட்டேன். நாற்பது நிமிஷம் லைனில் காத்திருந்தேன். இணைப்பு கிடைக்கவில்லை. பேச நினைத்திருந்ததை வீட்டுச் சமையலறையில் தனியாகப் பேசி முடித்துவிட்டுத்தான் தூங்கப் போனேன்.