யாழ்நூலும் வாவிக்கரையும்

பழந்தமிழ் இலக்கணிகள் பிரிவைப் பலவாறு வகுத்தனர். ஓதற்குப் பிரிதல், பகை தணிக்கப் பிரிதல், தூது செல்லப் பிரிதல், பொருள் தேடப் பிரிதல் என அவை அமையும். இவற்றுள் எவ்வகையாயினும் பிரிந்தோன் மீளுதலே எதிர்பார்க்கப்படும் முடிபாகும். மீண்டவன் கொணர்ந்தது யாது என்னும் வினாவும் அம்முடிபை ஒட்டியே எழும். தாயகம் நீங்கி அயல்நாட்டிலே தம் பணியை வளர்த்த ஓர் அறிஞரின் நூலை மதிப்பிடப் புகுவோர்க்கும் இவ்வினா பொருந்துவதாகும். விபுலாநந்த அடிகளின் யாழ்நூலை இந்நோக்கில் ஆராய்தல் பயனுடைத்து.

மட்டக்களப்பு வாவிக்குத் தெற்கே, கடலோரத்தில் அமைந்த காரைதீவிலே 1892இல் தோன்றிய மயில்வாகனனார், கல்முனையிலும் மட்டக்களப்பிலும் கல்வி பயின்று, கொழும்பிலே விஞ்ஞானமும் மதுரைத் தமிழ்ச்சங்கத் தேர்வின் வழியே செந்தமிழும் கைவரப் பெற்றார். 1922இலே சென்னை இராமகிருட்டிண மடத்தைச் சார்ந்து, 1924இலே துறவு பூண்டு விபுலாநந்தரானார். பின்னர் ஈழத்துக்கு மீண்டு பள்ளிகளைப் பேணினார். கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். எனினும் 1931இல் மறுபடியும் கடல் கடந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1939 முதல் இரண்டாண்டு இமயச் சாரலிலுள்ள மாயாவதியிலிருந்து 'பிரபுத்த பாரதம்' என்னும் ஆங்கிலத் திங்களிதழை நடத்தினார். 1943இலே இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக மீண்டார். அவர்தம் பேருழைப்பின் விளைவாகிய யாழ்நூலைக் கரந்தைத் தமிழ்ச்சங்கம் வெளியிட்டது. திருக்கொள்ளம்பூதூரிலே 1947 ஆனித் திங்கள் 5ஆம், 6ஆம் நாள்களில் அது அரங்கேறியது. ஆறு கிழமை அளவில், ஆடி 19ஆம் நாள், அடிகள் மறைந்தார்.

இந்நூல் அயல்நிலத்தின் விளைவு என்பாரும் உளர். மட்டக்களப்பு மண்ணின் விளைவு என்பாரும் உளர். இரு கூற்றினும் உண்மையுண்டு. ஆயினும் எவ்வெக் கூறு எங்கிருந்து வந்தது என்று பிரித்தறியாதவழி அவை வெறும் புகழுரையாய் ஒழியும்.

அயல்நிலம் தந்தவற்றை முதலில் நோக்குதல் தகும். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் யாழாசிரியன் இலக்கணம் கூறும் இருபத்தைந்து அடிகளே நூலின் வித்து. அவ்வடிகளை அரும்பதவுரையோடும் அடியார்க்குநல்லார் உரையோடும் உ. வே. சாமிநாதையர் 1892இல் அச்சேற்றியிராவிடின் இவ்வாராய்ச்சிக்கு இடமே இல்லை. அடிகள் பிறந்த ஆண்டிலேயே அவர்தம் வாழ்நாட் பணிக்குரிய மூலமும் வெளிவந்தமை எண்ணி மகிழற்பாலது. தேவாரப் பண்மரபு நிலைத்த திருத்தலங்களும், இசை வல்லோர் கூட்டுறவும், பல்கலைக்கழக நூலகமும், பதிப்பிக்கும் சங்கமும் தமிழகத்தில் ஒருங்கே வாய்த்தன. வாவிக்கரையிலே இருந்திருப்பின் இவை ஒருசேரக் கிட்டியிரா. நூலின் ஏழு இயல்களுள் யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல் என்பன இந்நிலத்துக் கருவிகளைக்கொண்டு எழுந்தனவே. நரம்பின் நீளத்தையும் இருபத்திரண்டு அலகுகளையும் கணித முறையால் அளந்து நிறுவும் பகுதிகளிலோ, கொழும்பிற் கற்ற விஞ்ஞானம் துணைநின்றது.

இனி, தாய்நிலம் தந்தது யாது? தமிழகத்துக் கற்றோர்க்குச் சிலப்பதிகாரம் அச்சுநூலாய் அறிமுகமான காலத்திலே, மட்டக்களப்பார்க்குக் கண்ணகி வழிபடு தெய்வமாய் விளங்கினாள். காரைதீவு உள்ளிட்ட பல ஊர்களிலே வைகாசித் திங்களிற் கோயிற் கதவு திறந்து, வழக்குரை காவியம் படித்து, குளிர்த்தி பாடி நிறைவெய்தும் சடங்கு இன்றளவும் நிகழ்கின்றது. ஊரவர் இரு சேரியாய்ப் பிரிந்து ஆடும் கொம்புமுறியும் அவ்வழிபாட்டின் பாற்பட்டதே. இத்தகைய ஊரிலே வளர்ந்தவர் சிலம்பின் ஒரு காதையைத் தம் ஆராய்ச்சிக் களமாகக் கொண்டமை தற்செயல் என்று தள்ளுதற்கில்லை.

மற்றொன்று வாவியின் இசை. கல்லடிப் பாலத்தருகே நிலவிரவிலே நீரடியிலிருந்து எழும் ஒலி உலகறிந்தது. 1848இலே படகேறிச் சென்று அதனைக் கேட்ட சேர் எமர்சன் தெனன்ற் என்னும் ஆங்கில அதிகாரி, மீட்டிய நரம்பின் மென்னதிர்வுக்கும், ஈரவிரலால் விளிம்பைத் தேய்க்குங்காற் கண்ணாடிக் கிண்ணம் எழுப்பும் ஒலிக்கும் அதனை ஒப்பிட்டு, 1859இல் வெளிவந்த தம் நூலிலே பதிந்தார். எழுப்பும் உயிர் எதுவென்று ஆராய்வதே அவர்தம் நாட்டம். அடிகளோ அவ்வொலியைப் பொருளாகக்கொண்டு 'நீரரமகளிர் இன்னிசைப் பாடல்' இயற்றினார். வந்து கேட்டவர் ஒலியின் காரணத்தைத் தேடினார். பிறந்து கேட்டவர் அதில் இசையின் ஒழுங்கைத் தேடினார். யாழ்நூலின் கணக்கெல்லாம் இவ்வொழுங்கைத் தேடும் முயற்சியே. செவி வாவிக்கரையிற் பழகியது. அளவுகோல் அயலிடத்திற் கிடைத்தது.

நூலின் சிறப்பைக் கூறுமிடத்துக் குறையையும் கூறுதல் திறனாய்வின் கடமை. வழக்குரையின் பாடுமுறை, குளிர்த்தியின் இசை, கூத்தின் தருக்கள், உழவரும் மீனவரும் பாடும் கவிகள் ஆகிய தாய்நிலத்து உயிரிசைக்கு ஏழு இயல்களுள் ஒன்றேனும் உரித்தாக்கப்படவில்லை. மறைந்த யாழின் நரம்பை அத்துணை நுணுக்கமாய் அளந்த செவி, மறையாது ஒலித்த பாடலையும் அளந்திருப்பின் தமிழிசை வரலாறு மேலும் நிறைவுற்றிருக்கும். பண்டை யாழை மீட்பதே நூலின் நோக்கமாதலின் இவ்வெல்லை நேர்ந்தது எனல் பொருந்தும். எனினும் இழப்பு இழப்பே. தொலைவிலிருந்து தாயகத்தை நினைப்பவர்க்கு அது ஆழ்ந்த நினைவாய் நிற்கும்; அன்றாட வழக்கின் நுணுக்கமோ அருகிருப்பார்க்கே எளிதிற் புலனாகும்.

அவ்வருகிருந்தோர் பணியைப் பின்வந்தோர் செய்தனர். வீ. சீ. கந்தையா 1964இல் 'மட்டக்களப்புத் தமிழகம்' என்னும் நூலை வெளியிட்டார். 1968இற் கண்ணகி வழக்குரையைப் பதிப்பித்தார். பேராதனையிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்து மரபைக் கொண்டு 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றை 1960களில் மேடையேற்றினார். யாழ்நூல் திறவாது விட்ட கதவுகள் இவற்றால் திறந்தன. சென்றோர் பணியும் நின்றோர் பணியும் ஒன்றையொன்று நிரப்புவன என்பதற்கு இது தக்க சான்று.

இவ்வுண்மை இன்று பெரிதும் வேண்டப்படுவது. வாவிக்கரையிலிருந்து வளைகுடா நாடுகளுக்குத் தொழில் நாடிச் சென்றோர் பலர். 1983க்குப் பின் போரால் மேலைநாடுகளிற் குடியேறினோரும் பலர். அவருட் கற்றோரை நோக்கி ஊரை மறந்தார் என்று பழித்தலும், அயலிற் பெற்ற சிறப்பொன்றே போதும் என்று புகழ்தலும் எளிது. யாழ்நூல் வேறோர் அளவுகோலைத் தருகின்றது. சென்ற இடத்தின் கருவியைக் கற்று, பிறந்த இடத்துச் செவியை இழவாது, இரண்டையும் ஒரு பணியிற் கூட்டியவரே பிரிவின் பயனை எய்தியவராவர். அவர் விட்ட குறையை ஊரிலுள்ளோர் நிரப்பல் வேண்டும்; நிரப்புதற்குரியது இன்னதென்று காட்டுதலும் அவர்தம் நூலின் பயன்களுள் ஒன்றே. அடிகளின் உடல் கல்லடி உப்போடையிலே, தாம் நிறுவிய வித்தியாலய வளவில் அடக்கஞ் செய்யப்பட்டுள்ளது. யாழ்நூலோ கற்பாரை இன்னும் எதிர்நோக்கி நிற்கின்றது.