இன்ஜின் ஆயில் மட்ட சென்சார்: வீட்டுத் தயாரிப்பு தேறுமா?

டாஷ்போர்டில் எரியும் சிவப்பு எண்ணெய்க் குடுவை விளக்கு ஆயில் மட்டத்தைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைக் காட்டுகிறது. பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்கி, அழுத்தம் ஏறத்தாழ 0.3 முதல் 0.5 பாருக்குக் கீழே இறங்கிய பிறகுதான் அது எரியும். அதற்குள் பேரிங்குகள் அடிவாங்கியிருக்கலாம். பல கார் இன்ஜின்களில் டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் இடையே சுமார் 1 லிட்டர் ஆயில் அடங்கும். ஆயில் அந்த இடைவெளியில் எங்கே நிற்கிறது என்று சொல்வதுதான் மட்ட சென்சாரின் வேலை.

செய்வதற்கு எளிது மிதவை வகை. காந்தம் பதித்த மிதவை கீழே இறங்கினால், குழாய்க்குள் இருக்கும் ரீட் சுவிட்ச் இயங்கும். ஹோண்டாவின் ஜிஎக்ஸ் வரிசை சிறு இன்ஜின்களில் வரும் ‘ஆயில் அலர்ட்’ ஆயில் குறைந்ததும் இன்ஜினையே நிறுத்திவிடுகிறது. ஜெனரேட்டருக்கு இது தாராளமாகப் போதும். ஆனால், தண்ணீர்த் தொட்டிக்கென விற்கும் பிளாஸ்டிக் மிதவை சூடான ஆயிலுக்கு ஆகாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மிதவையே வேண்டும். தெர்மிஸ்டரைச் சூடாக்கி, அது ஆயிலில் எவ்வளவு குளிர்கிறது என்று பார்க்கும் முறையும் உண்டு. ஆயிலின் வெப்பநிலையே ஓயாமல் மாறுவதால், அதை ஈடுகட்ட இன்னொரு தெர்மிஸ்டர் தேவைப்படும். கிடைக்கும் பலனுக்கு அந்தப் பாடு அதிகம்.

மட்டத்தைத் தொடர்ச்சியாக அளக்க வேண்டுமானால் மின்தேக்கி வகைதான். ஒரு குழாய்க்குள் அதைத் தொடாமல் ஒரு கம்பி. நடுவே ஆயில் ஏறி இறங்கும். காற்றின் மின்காப்பு மாறிலி 1, ஆயிலுக்குச் சுமார் 2.2. கம்பியின் விட்டம் 6 மி.மீ., குழாயின் உள்விட்டம் 8 மி.மீ. என்றால், காற்றில் மீட்டருக்கு 193 பிக்கோஃபாரட் வரும். இரு கோடுகளுக்கும் இடையே உயரம் 20 மி.மீ. என்று கொண்டால், கீழ்கோட்டிலிருந்து மேல்கோடு வரை மொத்த மாற்றமே சுமார் 4.6 பிக்கோஃபாரட்தான்.

பெரும்பாலான வீட்டுத் தயாரிப்புகள் சறுக்குவது இங்கேதான். 555 டைமரில் சென்சாரை இணைத்து, அதிர்வெண்ணை ஆர்டுயினோவில் எண்ணுவது மலிவான வழி. ஆனால், 1 மீட்டர் கோஆக்சியல் கேபிளே சுமார் 100 பிக்கோஃபாரட் சேர்த்துவிடும். கேபிள் கொஞ்சம் அசைந்தாலும் சூடேறினாலும் அளவு ஆடும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எஃப்டிசி1004 சிப் இதற்குப் பொருத்தம்: நான்கு சேனல்கள், 100 பிக்கோஃபாரட் வரையான நிலையான அளவைக் கழிக்கும் வசதி, கேபிள் உறையையும் சேர்த்து இயக்கும் ஷீல்டு முனை. அதன் வெப்ப வரம்பு 125 டிகிரி செல்சியஸ் என்பதால், சிப்பை, ஆயில் தேங்கும் அடித்தொட்டியான சம்பில் வைக்காமல் தள்ளி வைப்பது நல்லது.

ஆயில் பழசாகும்போது மாறிலி உயரும். 60 மி.மீ. மூழ்கியுள்ள கம்பியில் அது 2.2-இலிருந்து 2.3 ஆனாலே, மட்டம் 5 மி.மீ. கூடியதுபோலத் தெரியும், அதாவது, கால் லிட்டர் பொய். எப்போதும் ஆயிலுக்குள்ளேயே இருக்கும்படி அடியில் ஒரு சிறு ஒப்பீட்டு மின்முனை வைத்து, இரண்டாவது சேனலில் அதைப் படித்தால் இந்தப் பிழை பெருமளவு நீங்கும். விலை சிறிது, பலன் பெரிது.

அளக்கும் நேரமும் முக்கியம். இன்ஜின் ஓடும்போது ஆயிலில் ஒரு பகுதி மேலே சுற்றிக்கொண்டிருக்கும். வளைவிலும் மேட்டிலும் மட்டம் சாயும். 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடேறும்போது 4 லிட்டர் ஆயில் ஏறத்தாழ 0.2 லிட்டர் விரியும். எனவே சமதளத்தில், ஸ்டார்ட் செய்வதற்கு முன் எடுக்கும் அளவையே நம்பலாம்.

பொருத்த ஏற்ற இடம், டிப்ஸ்டிக் குழாய் நேராக உள்ள இன்ஜின்களில் அந்தத் துளைதான். சம்பில் புதுத் துளை போட்டால் கசிவு வரும் வாய்ப்பு அதிகம். கம்பியைத் தாங்கும் இடைத்துண்டு டெஃப்லானாக இருக்கட்டும். பிஎல்ஏவில் அச்சிட்ட 3டி பாகம் 60 டிகிரியிலேயே இளகும். 12 வோல்ட் இணைப்பில் ஃபியூஸும் மின்னெழுச்சியைத் தடுக்கும் டிவிஎஸ் டையோடும் கட்டாயம்.

ஆயில் மாற்றும்போதெல்லாம் கம்பியைத் துடைத்து, குறைந்தபட்ச, அதிகபட்ச அளவுகளை டிப்ஸ்டிக்கோடு ஒப்பிட்டு மறுபடி பதிய வேண்டும். ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலில் கலந்தால், தண்ணீரின் மாறிலி 80 என்பதால், சென்சார் திடீரென அளவைக் கூட்டிக் காட்டும். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் அப்போது ஆயில் பால்போல வெளுத்திருக்கும்.