திருக்கோணமலைத் தொல்சின்னங்கள்: ஒரு மறுநோக்கு

திருக்கோணமலையின் தொல்சின்னங்களைப் பற்றி எம்மவர் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் கோணேசர் கோயிலோடு நின்றுவிடுகின்றன. போர்த்துக்கீசர் 1620களில் பழங்கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பியமை பலரும் அறிந்ததே. ஆனால், நகருக்கு வடமேற்கே, பெரியகுளத்தருகிலுள்ள வெல்கம் விகாரையைச் சென்று காண்போர் சிலரே. சோழராட்சியில் இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர்பெற்ற இப்பௌத்தப் பள்ளிக்கு விளக்கும் பசுவும் தானஞ்செய்தோரைப் பதினோராம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் குறிக்கின்றன. தமிழரெனிற் சைவர், பௌத்தரெனிற் சிங்களவர் என்னும் சமன்பாட்டை இக்கற்கள் மறுக்கின்றன. தொல்சின்னங்களை இரு சாராரும் காணி உறுதியாகக் காட்டும் இந்நாளில், தமிழ் பேசிய பௌத்தரும் இங்கு வாழ்ந்தமையை எடுத்துரைப்பது ஆய்வாளர் கடனென நாம் கருதுகிறோம்.