சலவைக் கணக்கு

சிக்கனத்தைப் பற்றி ஒருவர் எழுதினால் நான் முதலில் தேடுவது கணக்கைத்தான். தத்துவம் அப்புறம் இருக்கட்டும். எவ்வளவு உள்ளே வந்தது, எவ்வளவு வெளியே போனது, மிச்சம் யார் தலையில் விழுந்தது. இந்த மூன்றாவது கேள்வியை எடுத்துக்கொள்ளும் எழுத்து இப்போது தமிழில் குறைவு. மாடித்தோட்டம், குப்பையில்லா வீடு, குறைந்த பொருளோடு வாழ்தல் என்று எவ்வளவோ வருகிறது. நானும் விடாமல் படிக்கிறேன். எல்லாவற்றிலும் மனம் லேசாகிறது, வீடு விசாலமாகிறது, தக்காளி சிவக்கிறது. யாரும் வரவு செலவு எழுதுவதில்லை.

இந்த வகை எழுத்தின் முப்பாட்டன் அப்படி இல்லை. தோரோவின் ‘வால்டன்’ 1854இல் வந்தது. படித்தவர்களுக்குக் காடும் குளமும் தனிமையும்தான் ஞாபகம் இருக்கும். ஆனால் முதல் அத்தியாயத்தின் தலைப்பே பொருளாதாரம். குடிசை கட்ட ஆன செலவு 28 டாலர் 12½ சென்ட். பீன்ஸும் மற்றதும் பயிரிட்டதில் செலவு 14 டாலர் 72½ சென்ட், வரவு 23 டாலர் 44 சென்ட், கையில் நின்றது 8 டாலர் 71½ சென்ட். அரை சென்ட்டைக்கூட விடாத மனுஷன். அதே கணக்கில், போகிற போக்கில், துணி துவைப்பதும் கிழிசல் தைப்பதும் பெரும்பாலும் வெளியே நடந்தன, அதற்கான பில் இன்னும் வந்து சேரவில்லை என்றும் எழுதிவைக்கிறார்.

அந்த பில் புத்தகம் முடியும்வரை வருவதில்லை. அழுக்குத்துணி போனது ஊருக்குள் இருந்த அவருடைய குடும்ப வீட்டுக்கு, துவைத்தது வீட்டுப் பெண்கள் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படுவது. இதை வைத்து தோரோவைக் கிண்டல் செய்வது இணையத்தில் ஒரு தனிப் பொழுதுபோக்கு. எனக்கு அதில் ஆர்வமில்லை. அவர் அதை மறைக்காமல் எழுதினார் என்பதுதான் எனக்கு முக்கியம். கணக்கில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது என்றாவது நமக்குத் தெரிகிறது.

இப்போது வேறொரு பிரதியை எடுத்துக்கொள்வோம். இலக்கியப் பிரதி இல்லை, அரசாங்கத் தொகுப்பு. 2021 டிசம்பரில் தமிழக அரசு மாடித்தோட்டத் தொகுப்பு ஒன்றை மானிய விலைக்குக் கொடுக்க ஆரம்பித்தது. 900 ரூபாய் பெறுமானம், நமக்கு 225 ரூபாய். உள்ளே ஆறு செடி வளர்ப்புப் பைகள், தென்னை நார்க்கழிவுக் கட்டிகள், ஆறு வகை காய்கறி விதை, உயிர் உரம், வேப்பெண்ணெய் மருந்து, ஒரு கையேடு. நல்ல திட்டம்தான். கயிறு ஆலையில் மலையாகக் குவிகிற நார்க்கழிவுக்கு ஒரு வேலை கிடைக்கிறது, வெண்டைக்காயும் காய்க்கிறது. ஆனால் அந்தப் பட்டியலை ஒரு கவிதையைப் படிப்பதுபோல் நிதானமாகப் படித்துப் பாருங்கள். தோட்டம் போடுகிறவரின் வீட்டிலிருந்து அதற்குள் எதுவும் வருவதில்லை, தண்ணீரையும் வெயிலையும் தவிர. சமையலறைக்கும் மாடிக்கும் நடுவில் படிக்கட்டு இருக்கிறது, பரிவர்த்தனை இல்லை. பூந்தமல்லி வெயிலில் அந்த பாலித்தீன் பை இரண்டு மூன்று வருஷத்தில் நார்நாராகக் கிழிந்துவிடும். அது எங்கே போகும் என்பது கையேட்டின் கவலை இல்லை.

தண்ணீர்? 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. எங்கள் பகுதி லாரித் தண்ணீரில்தான் ஓடியது. சென்னையைச் சுற்றி ஓடும் தனியார் லாரிகள் எங்கே நிரப்பிக்கொண்டு வருகின்றன என்பது ஊரறிந்த விஷயம்: புறநகர் கிராமங்களின் விவசாயக் கிணறுகளில். அதாவது வயலுக்குப் போகவேண்டிய தண்ணீர் லாரி ஏறி வந்து மூன்றாவது மாடியில் என் கத்தரிச் செடிக்கு விழுகிறது. இதற்குப் பெயர் இயற்கை விவசாயம்.

இந்த மாதிரிக் கேள்விகளை ஒரு தமிழர் எண்பது வருஷத்துக்கு முன்பே கேட்டுவிட்டார் என்பதால்தான் இந்தக் கட்டுரை. ஜே.சி.குமரப்பா. 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர், ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ் என்பது பழைய பெயர். லண்டனில் பட்டயக் கணக்காளர் ஆகி, பம்பாயில் தணிக்கைத் தொழில் செய்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படித்தவர். 1929இல் காந்தியைச் சந்தித்த பிறகு அவர் அனுப்பிய இடம் குஜராத்தின் மாதர் தாலுகா. விவசாயக் குடும்பங்களின் வரவு செலவைக் கிராமம் கிராமமாகக் கணக்கெடுத்தார். ஆடிட்டர் கதர் போட்டாலும் ஆடிட்டர்தான். 1934இல் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கத்தை நடத்தினார். நாற்பதுகளில் ஜபல்பூர் சிறையில் இருந்தபோது எழுதிய புத்தகம் ‘எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்’. நிலைத்திருக்கும் பொருளாதாரம் என்று சொல்லிக்கொள்ளலாம். 1945இல் காந்தி அதற்கு முன்னுரை எழுதினார்.

புத்தகம் சுலபமாக ஈர்க்காது. பிரசங்க வாடை தூக்கல். இயற்கையில் ஐந்து வகைப் பொருளாதாரம் இருக்கிறது என்று தொடங்குகிறார்: ஒட்டுண்ணி, பறித்துத் தின்பது, உழைத்து அடைவது, கூடி உழைப்பது, கடைசியில் சேவை. குரங்கு மாந்தோப்பில் பறித்துத் தின்கிறது, தேனீ கூட்டுக்காகச் சேர்க்கிறது, தாய்ப் பறவை எதையும் எதிர்பார்க்காமல் குஞ்சுக்கு ஊட்டுகிறது. உயிரியல் படித்தவர்கள் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடக்கூடும். தேனீக்கு அறம் கிடையாது, குரங்குக்குக் குற்றமும் கிடையாது.

ஆனால் மூடாதீர்கள். நிலக்கரி, பெட்ரோல் போன்றவற்றைத் தேக்கிவைத்த நீர் என்றும், காடு, பயிர், உழைப்பு போன்றவற்றை ஓடும் நீர் என்றும் அவர் பிரிப்பது இன்றைக்கும் கூர்மை மழுங்காத கத்தி. தேக்கத்திலிருந்து மொண்டால் ஒருநாள் தீரும், தீரும் என்று தெரிந்ததும் சண்டை வரும். ஓட்டத்தில் வாழ்ந்தால் அந்தச் சண்டைக்கு அவசியமில்லை. என் பாலித்தீன் பை தேக்கத்திலிருந்து வந்தது, அதற்குள் இருக்கும் நார்க்கழிவு ஓட்டத்திலிருந்து. ஒரே தொட்டியில் இரண்டு பொருளாதாரம். வாழ்க்கைத் தரத்தை உயர்ந்தது, தாழ்ந்தது என்று சொல்லாதீர்கள், சிக்கலானது, எளியது என்று சொல்லுங்கள் என்றும் வாதாடுகிறார். இது வெறும் சொல்மாற்றம் இல்லை. மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு உடனே புரியும். சிக்கல் கூடினால் எங்கோ யாரோ ராத்திரி முழித்துக்கொண்டு அதைப் பராமரித்தாகவேண்டும்.

குமரப்பாவின் சிக்கனம் தனிமனித நோன்பு இல்லை. நான் ஒரு பொருளை வாங்கும்போது அது உருவான விதத்துக்கும் சேர்த்துப் பொறுப்பேற்கிறேன் என்கிறார் அவர். இன்றைய குப்பையில்லா எழுத்தாளர் ஜாடியைக் காட்டுகிறார்: பாருங்கள், ஒரு மாசத்துக் குப்பை இவ்வளவுதான். ஜாடியின் வெளிப்பக்கத்தைக் காட்டு என்பார் குமரப்பா.

அந்த வெளிப்பக்கம் எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் திருமழிசையைத் தாண்டினால் குத்தம்பாக்கம். இப்போது பேருந்து முனையத்தால் பெயர் அடிபடுகிறது. 1996இல் அங்கே ஊராட்சித் தலைவரான இளங்கோ ரங்கசாமி, வேதிப் பொறியியல் படித்து, வேலையை விட்டு ஊர் திரும்பியவர். ஊர் மாதாமாதம் என்னென்ன வாங்குகிறது என்று கணக்கெடுத்து, அதில் பெரும்பகுதியைச் சுற்றுவட்டாரத்திலேயே செய்யமுடியும் என்று காட்டினார். மாதர் தாலுகா வழியில் நேராக வந்த வேலை அது. அதே குத்தம்பாக்கத்தின் மேய்க்கால் நிலத்தில்தான் சென்னை மாநகரின் குப்பையைக் கொட்டத் திட்டம் போட்டார்கள். தற்சார்புக்கு உதாரணமாகச் சொல்லப்பட்ட ஊர், மாநகரம் கழித்துப் போட்டதைத் தடுக்கப் போராடவேண்டி வந்தது. சிக்கனமாக வாழ்கிற ஊரில்தானே காலி இடம் இருக்கும்!

இதுவரை குமரப்பா பக்கம்தான் பேசினேன். அவருடைய கணக்கிலும் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. ஐந்து படிகளில் உச்சியில் யார்? தாய்ப் பறவை. எல்லாவற்றுக்கும் ரசீது கேட்ட ஆடிட்டர், தாயிடம் வந்ததும் பேனாவை மூடிவிடுகிறார். அவள் எதையும் எதிர்பார்ப்பதில்லை, ஆகவே அவளுக்குக் கணக்கு வேண்டாம். தோரோவின் சலவைத் துணி போய்ச் சேர்ந்த இடமும் இதுதான். தோரோ பில் வரவில்லை என்றாவது எழுதினார். குமரப்பா அந்த பில் வராமல் இருப்பதையே லட்சியம் என்கிறார்.

என் சின்ன வயதில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் கழனிப் பானை இருந்தது. அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, காய்கறித் தோல், மிஞ்சின சாதம் எல்லாம் அதில். மாடு வைத்திருந்த ஒரு அம்மா சாயங்காலம் தகர டின்னோடு வந்து எடுத்துப்போவார். கன்று போட்டால் எங்களுக்குச் சீம்பால் வரும். குமரப்பா பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார், ஓடும் நீர் என்றால் இதுதான். மாடுகள் போய் அடுக்குமாடிகள் வந்தபின் அம்மா இன்னமும் அரிசித் தண்ணியைக் கீழே கொட்டுவதில்லை, கறிவேப்பிலைக்குத்தான். வீடு விட்டு வீடு போன ஓட்டம் வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறது. ஆனால் அன்றும் இன்றும் அந்தப் பானையைக் கழுவியது அம்மா. புளித்த நாற்றத்தோடு, தினமும். டின்னைத் தூக்கிப் போன அம்மா வாசல் வழியாக உள்ளே வந்ததும் இல்லை.

நம் ஊரில் மிச்சம் என்பது வெறும் மிச்சம் இல்லை, எச்சில். பூந்தமல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பி, பூந்தோட்டம் வைத்து காஞ்சி வரதருக்குப் பூ சுமந்தவர். பூவிருந்தவல்லிக்காரர்களுக்கு இவரைவிடப் பெரிய தோட்டக்காரர் கிடையாது. அவர் ராமானுஜர் வீட்டில் சாப்பிட்டுப் போனதும், சாதியை நினைத்து அந்த வீட்டம்மா இலையை எடுத்துப்போட்டு இடத்தைக் கழுவிவிட்டார் என்று குருபரம்பரைக் கதை சொல்கிறது. காந்தியர்கள் மலத்தையும் உரமாக்கச் சொன்னார்கள், ஆசிரமங்களில் தாங்களே அள்ளியும் காட்டினார்கள். மண்ணுக்கு அது சரி. ஆசிரமத்துக்கு வெளியே, நிஜக் கிராமத்தில், அந்த வேலை எந்தத் தெருவுக்குப் போய்ச் சேரும் என்ற கேள்வியை ‘நிலைத்திருக்கும் பொருளாதாரம்’ போதுமான அளவு கேட்கவில்லை. நிலைத்திருப்பதில் சாதியும் ஒன்று.

குப்பையை வீட்டிலேயே தரம் பிரித்துக் கொடுக்கவேண்டும் என்று 2016ஆம் வருஷத்துத் திடக்கழிவு விதிகளே சொல்லிவிட்டன. எங்கள் குடியிருப்பில் பாதிப் பேர் பிரிப்பதில்லை. தள்ளுவண்டி அக்கா ஓரமாக நிறுத்தி, கையாலேயே பிரிப்பார். எதெது பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போகும் என்று அவருக்கு அத்துப்படி. மாடியில் உரத்தொட்டி வைத்திருக்கிறோம், இனிமேல் காய்கறிக் கழிவு வராது என்று ஒருநாள் சொன்னேன். உங்களுக்கு வேறென்ன வேணும்க்கா என்று கேட்டதற்கு, “பால் கவர மட்டும் கழுவி தனியா குடுத்துடு தம்பி. புளிச்ச பாலு கையில ஒட்டுனா சோறு திங்கறப்பகூட நாறுது” என்றார்.