அம்பத்தூர்ச் சுவரில் ஆறடி ‘ழ’

சிலி நாட்டில் வால்பரைசோ என்று ஒரு துறைமுகம். மலைச்சரிவெல்லாம் வீடு, வீட்டுச் சுவரெல்லாம் ஓவியம். யுனெஸ்கோ 2003இல் அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. படிக்கட்டு ஏறி இறங்கிச் சுவர் பார்ப்பதற்கென்றே அங்கே ஆட்கள் போகிறார்கள். நம் மேற்குச் சென்னைக்கு மலையும் இல்லை, கடலும் இல்லை. பாடியிலிருந்து ஆவடி வரை சி.டி.எச். சாலை ஒரே தட்டை. இந்தப் பக்கம் மலை பார்க்க வேண்டுமென்றால் உதயசூரியன் சின்னத்தில் சூரியனுக்கு இரு பக்கமும் நிற்கிறதே, அதுதான். ஆனால் மதில் உண்டு. அறுபதுகளில் தொழிற்பேட்டை வந்த ஊர், நீள நீளமான மதில்கள். அவற்றில் எழுத்து உண்டு.

சுவர் ஓவியம் என்றாலே இப்போது கண்ணகி நகரைச் சொல்கிறார்கள். 2020இல் ஸ்டார்ட் இந்தியா அமைப்பும் மாநகராட்சியும் சேர்ந்து அங்கே அடுக்குமாடிகளில் வரையச் செய்த முகங்கள் அழகானவை, மறுக்கவில்லை. அதற்குப் பத்தாண்டுக்கு முன், போஸ்டர் ஒட்டுவதைத் தடுக்க அண்ணா சாலைச் சுவர்களில் வரைந்தவை எனக்கு ஒட்டவே இல்லை. காலண்டர் ஓவியமாகவே நின்றுவிட்டன. என் கால் நிற்பது கட்சிக்காரர்கள் எழுத வைக்கிற எழுத்துக்கு முன்னால்தான்.

முதலில் சுவர் பிடிக்க வேண்டும். தேர்தலுக்கு வெகு முன்பே சுண்ணாம்பு அடித்து, மூலையில் கட்சியின் முதலெழுத்தும் ஆண்டும் போட்டுவிடுவார்கள். பேருந்து சீட்டில் துண்டு போடுகிற அதே சங்கதி. பிறகு நூல். நீலப் பொடியில் தோய்த்த நூலை இரண்டு பேர் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டினால் கோடு விழும். மேல்கோடு ஒன்று, கீழ்க்கோடு ஒன்று. மீதி எல்லாம் கைதான்.

அந்தக் கையைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பட்டை பிரஷோடு நிற்பவருக்குத் தான் எழுதும் எழுத்து முழுசாகத் தெரியாது. ஆறடி ‘ழ’வின் தலை அவர் தலைக்கு மேலே, வால் முழங்காலுக்குக் கீழே. வாலுக்கு இடம் விடாமல் நூல் போட்டிருந்தால் அது தரையில் முட்டும். ‘வாக்களிப்பீர்’ ஏழெழுத்து, மூன்று புள்ளி. தலைவர் பெயரைத் தாராளமாக எழுதிவிட்டு, கடைசி ‘ர்’ மட்டும் மதில் ஓரத்தில் நசுங்கி நிற்பதைப் பலமுறை பார்க்கலாம்.

கைகாரர் யாரென்று நிழலில் தெரிந்துவிடும். வெளிச்சம் இடது மேலிருந்து விழுவதாக வைத்துக்கொண்டால், எல்லா எழுத்துக்கும் நிழல் வலது கீழேதான் விழ வேண்டும். நேர்கோட்டில் இது சுலபம். ‘ண’விலும் ‘ஞ’விலும் சுழிக்குள் சுழி வரும் இடத்தில் நிழலும் எழுத்தும் ஒன்றையொன்று விழுங்கப் பார்க்கும். தேர்ந்தவர் அங்கே நிழலை மெலித்து, சுழிக்கு மூச்சு விட இடம் கொடுக்கிறார். மஞ்சளில் தொடங்கிச் சிவப்பில் முடிகிற எழுத்து இன்னும் கஷ்டம். இரண்டு வண்ணமும் ஈரமாக இருக்கும்போதே எல்லையில் பிரஷை ஓட்டி இழைக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் சுண்ணாம்புச் சுவர் ஈரத்தைக் குடித்துவிடும், கோடு தெரியும். இரட்டை இலை, மாம்பழம் போன்ற சின்னங்களை அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு போடுவார்கள். அதில் பெரிய ரசனைக்கு இடமில்லை.

கீழ் ஓரத்தில் சின்னதாக ‘இன்னார் ஆர்ட்ஸ்’ என்று பெயரும் கைபேசி எண்ணும் இருக்கும். தலைவர் பெயர் பத்தடி, கலைஞர் பெயர் நான்கு அங்குலம். பைக்கில் போகிறவருக்குக் கட்சி மட்டும்தான் கண்ணில் படும், இந்தப் பெயர் படாது.

பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959இலேயே சட்டம் வந்துவிட்டது. வீட்டுக்காரர் சம்மதமின்றி எழுதிய சுவருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ஃபிளெக்ஸ் வந்து பேனர் ஓவியர்களின் பிழைப்பைப் பறித்த பிறகும் கைவேலை மிஞ்சிய இடம் இதுதான். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஓர் இளம்பெண் இறந்தார். எழுத்து யார் மீதும் விழாது.

ஆவடியில் மதில்களில் பெரும்பகுதி ராணுவத் தொழிற்சாலைகளுடையது, அங்கே பிரஷ் போகாது. பூந்தமல்லியில் பெரிய சாலையை விட்டுச் சந்துகளுக்குள் திரும்புங்கள். நேரம் குறைவென்றால் அம்பத்தூர் ஓ.டி.யில் இறங்கித் திருமுல்லைவாயில் வரை நடந்தால் போதும். சாலை ஏறக்குறைய கிழக்கு மேற்காக ஓடுவதால், தை மாதத்தில் வடக்கு ஓரச் சுவர்களில் நல்ல வெயில் இருக்கும். தேர்தல் தேதி அறிவிப்பதற்கு முன் போய்விடுங்கள். அறிவித்துவிட்டால் அம்பத்தூரில் சென்னை மாநகராட்சியும், 2019இல் தனி மாநகராட்சியான ஆவடியில் அவர்களும் சுண்ணாம்பு வாளியோடு கிளம்பிவிடுவார்கள்.